பரசூட் மெதுவாகத் திறப்பதற்கு: திருகோணமலையில் வான்பாய்ச்சல் உபகரணத் தெரிவும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடா நாடுகளிலோ கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ வேலைக்குப் போன இடத்தில் வான்பாய்ச்சல் பழகி, சொந்த உபகரணத்துடன் திருகோணமலைக்கு விடுமுறையில் வருபவர்களும், இனிமேல்தான் பழக வேண்டும் என்று விசாரிப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பரசூட் நிதானமாகவும் நேராகவும் திறக்க எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியதை உப்புக் காற்று வீசும் ஊரில் எப்படி வைத்திருக்க வேண்டும் என்பவையே இங்குள்ள விடயங்கள். தகுதி பெற்ற பயிற்றுநரிடம் பெறும் பயிற்சிக்கும், உங்கள் உபகரணத்தைத் தயாரித்தவர் தந்த கையேட்டுக்கும் இந்தப் பதில்கள் ஈடாகா. கையேடு வேறு விதமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பரசூட் திறக்கும் சில வினாடிகளில் உண்மையில் என்ன நடக்கிறது?

வயிறு கீழ்நோக்கியபடி விழுபவர் மணிக்குச் சுமார் 190 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருப்பார். அவர் காற்றில் வீசும் சிறிய பைலட் சூட் முதலில் காற்றைப் பிடித்து, முதுகுப் பையை மூடியிருக்கும் ஊசியை இழுத்துவிட்டு, பிரதான பரசூட் மடித்து வைக்கப்பட்டிருக்கும் உள் பையை வெளியே தூக்குகிறது. கயிறுகள், அவற்றை மடித்துப் பிடித்திருக்கும் இறப்பர் வளையங்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுபட்டு முழு நீளத்துக்கும் இறுகிய பின்னரே துணி உள் பையிலிருந்து வெளியே வர வேண்டும். அப்போது நான்கு மூலைகளிலும் உலோக வளையம் பொருத்திய ஸ்லைடர் என்னும் நீள்சதுரத் துணி, கயிறுகளின் உச்சியில், பரசூட்டை ஒட்டி நிற்க வேண்டும். கீழிருந்து வரும் காற்று ஸ்லைடரை மேலே தள்ளுகிறது. விரிய முயலும் பரசூட் அதைக் கீழே தள்ளுகிறது. இந்த இழுபறி மூன்று நான்கு வினாடிகள் நீடிப்பதால்தான் வேகம் படிப்படியாகக் குறைகிறது.

ஸ்லைடர் உச்சியில் இல்லாமல் சிறிதளவேனும் கீழிறங்கியிருந்தால் இந்த இழுபறிக்கு இடமே இல்லை. பரசூட் ஒரே அடியாக விரிந்துவிடும். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு புள்ளிக்கே திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான்.

கடுமையான திறப்பைச் சிறிய அசௌகரியமாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பெரும்பாலான கடுமையான திறப்புகள் கழுத்து வலியுடனும் தோளில் கன்றிய தடத்துடனும் முடிந்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் கழுத்தெலும்பு முறிந்ததும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி கிழிந்ததும், அதனால் உயிர் போனதும் இந்த விளையாட்டில் பதிவாகியுள்ளன. தலைக்கவசத்தில் கமரா பொருத்தியிருப்பவருக்குக் கழுத்தில் விழும் சுமை இன்னும் அதிகம்.

முதல் பரசூட்டை எந்த அளவில் வாங்க வேண்டும்?

உபகரணத்தோடு சேர்த்த உங்கள் மொத்த எடையை இறாத்தலில் கணித்து, பரசூட்டின் சதுர அடிப் பரப்பால் வகுக்க வேண்டும். புதிதாக உரிமம் பெற்றவருக்கு அந்த விடை 1 அல்லது அதற்குக் குறைவாக இருப்பதே பொதுவான வழக்கம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 12 கிலோ உபகரணத்தை அணிந்தால் மொத்தம் 87 கிலோ, அதாவது சுமார் 192 இறாத்தல். அவருக்கு 190 சதுர அடிக்குக் குறைந்த பரசூட் பொருந்தாது. நண்பர் ஒருவர் மலிவாகத் தருகிறார் என்பதற்காக 150 சதுர அடிப் பரசூட்டை எடுத்துக்கொள்பவர், இறங்கும் வேகத்தையும், திறக்கும்போது கயிறு முறுகினால் மிக விரைவாகச் சுழலும் ஆபத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்.

32 பாகை வெப்பமுள்ள திருகோணமலைக் கடற்கரையின் காற்று, தயாரிப்பாளர்கள் அளவுகோலாகக் கொள்ளும் 15 பாகைக் காற்றைவிட 5 முதல் 6 சதவீதம் ஐதானது. வேறுபாடு சிறியதுதான். ஆயினும் குளிர் நாட்டில் பழகியவர், அதே பரசூட் இங்கு சற்று விரைவாகப் பறப்பதை உணர்வார்.

வகையைப் பொறுத்தவரை, காற்றுப் புகாத பூச்சுள்ள நைலோன் துணியாலான, ஒன்பது அறைகளும் மிதமான வளைவும் கொண்ட பரசூட் முதற்கொள்வனவுக்கு ஏற்றது. பெர்போமன்ஸ் டிசைன்ஸ் நிறுவனத்தின் பழைய சேபர் கடுமையாகத் திறப்பதற்குப் பெயர்போனது. அதன் பின்வந்த சேபர் 2 அப்படியல்ல. ஒரே பெயரைக் கேட்டு இரண்டையும் குழப்பிக்கொண்டு விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

பாவித்த உபகரணத்தை வாங்குவது சரியா?

சரிதான்; பெரும்பாலானோர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் காசு கைமாறுவதற்கு முன்னர் ரிகர் ஒருவர், அதாவது பரசூட்டைப் பரிசோதிக்கவும் மடிக்கவும் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பவியலாளர், அதை முழுமையாக விரித்துப் பார்க்க வேண்டும். தொடரிலக்கம், தயாரித்த ஆண்டு, எத்தனை பாய்ச்சல்கள் செய்யப்பட்டுள்ளன, கயிறுகள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன, ரிசேர்வ் பரசூட்டின், அதாவது பிரதான பரசூட் பழுதானால் பாவிக்கும் மாற்றுப் பரசூட்டின், அட்டையில் என்ன எழுதப்பட்டுள்ளது, அதைத் தானாகத் திறக்கும் தன்னியக்கத் திறப்புக் கருவியின் ஆயுள் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பவற்றுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள். பெர்போமன்ஸ் டிசைன்ஸின் ரிசேர்வ் பரசூட்டாக இருந்தால், 40 முறை மீள மடிக்கப்பட்டோ 25 முறை பாவிக்கப்பட்டோ இருக்குமிடத்து அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணிக்கையைக் குறிக்கும் கட்டங்கள் எவ்வளவு நிரம்பியுள்ளன என்று பாருங்கள். கடலில் விழுந்ததுண்டா என்றும் நேராகக் கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறிடம் பார்ப்பது நல்லது.

கயிறுகளில் எந்த வகை நல்லது?

டேக்ரோன் தடிப்பானது, சற்று நெகிழும், அதனால் திறப்பின் அதிர்வை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் பையில் கூடுதல் இடம் பிடிக்கும். ஸ்பெக்ட்ரா மெல்லியது, உறுதியானது. ஆயினும் ஸ்லைடரின் உலோக வளையங்கள் உரசி ஓடும் வெப்பத்தில் அது காலப்போக்கில் சுருங்கும். வெளிப்புறக் கயிறுகளும், பரசூட்டைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் பிரேக் கயிறுகளும் கூடுதலாகச் சுருங்குவதால் பரசூட்டின் வடிவமே மாறி, நேற்று வரை நன்றாகத் திறந்தது இன்று அடித்துத் திறக்கிறது என்ற முறைப்பாடு வரும். வெக்ட்ரான் சுருங்காது, ஆனால் தேய்ந்து பிசிறடிக்கும். எச்எம்ஏ அளவு மாறாமல் நிற்கும். எனினும் தேய்வை வெளியே பெரிதாகக் காட்டாமல் திடீரென்று அறுந்துபோகும் இயல்புடையது.

என் அபிப்பிராயத்தில், முதல் பரசூட் வாங்குபவருக்கு, அதுவும் கமரா அணிந்து பாய்பவருக்கு, டேக்ரோன் பழசாகிப்போனது என்று யாரும் சொல்வதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. எந்த வகையானாலும் சில நூறு பாய்ச்சல்களுக்குப் பின்னர் கயிறுகளை அளந்து தயாரிப்பாளரின் அட்டவணையுடன் ஒப்பிடச் செய்ய வேண்டும். முழுத் தொகுதியையும் மாற்றும் செலவு சிறிதல்ல என்றாலும், திறப்புக் கெட்டுப்போன பரசூட்டை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதைவிட அது மலிவானது.

ஸ்லைடரில் எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு உலோக வளையங்களின் உள்விளிம்பையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டும் விரலுக்குத் தட்டுப்படும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டுப் பஞ்சை வளையத்துக்குள் சுழற்றுங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை சிக்கும். அந்தப் பிசிறு ஒவ்வொரு திறப்பிலும் கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கும். வளையம் துணியில் தளர்ந்து சுழல்கிறதா, மூலைத் தையல் விட்டிருக்கிறதா, பரசூட்டின் ஓரத்தில் ஸ்லைடரைத் தடுத்து நிறுத்தும் தட்டையான தடுப்புகள் உடையாமல் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள பரசூட் தொடர்ந்து கடுமையாகத் திறந்தால், தயாரிப்பாளரிடம் கேட்டுச் சற்றுப் பெரிய ஸ்லைடர் போடுவது ஒரு தீர்வு. நீங்களே தைத்துப் பெருப்பிப்பது தீர்வல்ல.

இறப்பர் வளையம் போன்ற அற்பப் பொருளுக்கு இவ்வளவு கவனம் தேவையா?

இந்தப் பக்கத்தில் மிக மலிவான பொருள் இதுதான். கடுமையான திறப்புகளில் அதிகம் சந்தேகிக்கப்படுவதும் இதுதான். வளையம் தளர்ந்திருந்தால், உள் பை காற்றில் இழுபடும் வேகத்தில் கயிறுகள் முறைப்படி ஒவ்வொன்றாக விடுபடாமல் கொத்தாகக் கொட்டிவிடும். கயிறு இறுகுவதற்கு முன்னரே துணி வெளியே வரும், ஸ்லைடர் இருந்த இடத்திலிருந்து நழுவும், முதற்பதிலில் சொன்ன இழுபறி நடக்காமலே பரசூட் விரியும்.

ஆகவே உள் பையின் வாயைப் பூட்டும் வளையங்களில் கயிற்று மடிப்பு இறுக்கமாகப் பிடிபட வேண்டும். மடிப்பின் நுனி வளையத்துக்கு வெளியே 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை நீண்டிருக்க வேண்டும். ஒரு மடிப்பைப் பிடித்து உள் பையைத் தூக்கினால் அது நழுவாமல் தாங்குகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. மெல்லிய கயிற்றுக்குப் பெரிய வளையம் பொருந்தாது. சிறிய வளையம் பாவியுங்கள், அல்லது கையேடு அனுமதித்தால் இரட்டையாகச் சுற்றுங்கள். திருகோணமலை வெப்பத்தில் இறப்பர் சில வாரங்களிலேயே பிசுபிசுத்துவிடும் அல்லது வெடித்துவிடும். ஆகையால் உதிரி வளையங்களைக் காற்றுப் புகாத போத்தலில் இட்டு வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். விடுமுறை முடிந்து திரும்பி முதற்பாய்ச்சலுக்கு மடிக்கும்போது எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள்.

பைலட் சூட் பழுதானால் என்ன ஆகும்?

பிரதான பரசூட் திறந்தபின் தானாகச் சுருங்கும் வகைப் பைலட் சூட்டில், மடிக்கும்போது உள்ளே ஓடும் கயிற்றை இழுத்து அதை விரியும் நிலையில் வைக்க வேண்டும். இணைப்பு நாடாவில் உள்ள சிறிய சாளரத்தில் நிறம் தெரிந்தால் அது ஆயத்தம். நிறம் தெரியாவிட்டால் அது வெறும் துணிதான், காற்றில் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும். அந்த உட்கயிறும் காலப்போக்கில் சுருங்குவதால், சாளரத்தில் நிறம் தெரிந்தும் உச்சி உள்ளிழுக்கப்பட்டிருக்கிறதா என்று கையால் விரித்துப் பார்க்க வேண்டும். துணி நைந்து காற்று ஊடுருவினால் இழுவை குறைந்து, ஊசியை இழுக்கத் தாமதமாகும்.

ஊசியைப் பிடிக்கும் லூப்பை, அதாவது பையை மூடும் சிறு கயிற்று வளையத்தை, எப்போது மாற்ற வேண்டும்?

பிசிறு தெரிந்தவுடன். நீண்டு தளர்ந்த லூப், விமானத்தின் வாசலிலோ தலைகீழாகப் பறக்கும்போதோ பையை நேரங்கெட்டுத் திறந்துவிடும். புதிய லூப்பின் விலை ஒரு தேநீரின் விலைக்கு மேல் போகாது.

மடிக்கும்போது எந்தப் படிக்கு மிகுந்த கவனம் தேவை?

மடிப்பின் ஒவ்வொரு படிக்கும் ஆசான் காட்டித்தந்த முறை உண்டு. எல்லா முறைகளுக்கும் பொதுவானவை மட்டும்: கயிறுகள் நடுவில் சேர்ந்து, சமமான இழுவையில் இருக்க வேண்டும், பிரேக்குகள் இரண்டும் பூட்டப்பட்டு, மிச்சக் கயிறு சொருகப்பட்டிருக்க வேண்டும். ஸ்லைடரின் நான்கு வளையங்களும் தடுப்புகளில் முட்டி நிற்க வேண்டும், அதன் துணி நான்கு பக்கமும் பிரித்துவிடப்பட்டு நடுவில் காற்றைப் பிடிக்கும்படி இருக்க வேண்டும். முழுப் பரசூட்டையும் உள் பைக்குள் தள்ளும் நேரத்தில்தான் ஸ்லைடர் நழுவுகிறது. முழங்காலால் அமத்திக்கொண்டு அவசரப்படும் அந்த அரை நிமிடத்தில், மற்றக் கையை உள்ளே விட்டு வளையங்கள் இன்னும் மேலேதான் இருக்கின்றன என்று தொட்டு உறுதிசெய்பவர்கள் குறைவு. தொட்டுப் பாருங்கள்.

உப்புவெளி, நிலாவெளி மணலில் மடிக்க வேண்டாம். மணல் கயிற்றுக்குள் புகுந்தால் உள்ளிருந்தே அரிக்கும். ஸ்லைடர் வளையத்தையும் தேய்க்கும். நிழலான மண்டபத்தில் சுத்தமான படங்கு விரித்து மடியுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் புதிய துணியின் வழுக்கல் சற்றுக் குறைவதால், வறண்ட நாட்டில் பழகியவர்களுக்கு இங்கு மடிப்பது இலகுவாகத் தோன்றும். ஊர் தரும் ஒரே சலுகை அதுதான்.

உபகரணம் சரியாக இருந்தும் கடுமையாகத் திறந்தால்?

உங்கள் வேகத்தையும் உடல் நிலையையும் பாருங்கள். கூட்டத்திலிருந்து விலகிச் சாய்ந்து பறந்த கையோடு, வேகம் குறையாமல் பைலட் சூட்டை வீசுவது ஒரு காரணம். தலைகீழாகப் பறந்தவர் மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலிருந்து தட்டைநிலைக்கு வந்து காத்திருக்காமல் திறப்பது இன்னொன்று. தோள்கள் சமமாக இருக்கட்டும். வீசிய பின்னர் மேலேயோ பக்கவாட்டிலோ பார்க்காமல் நேரே பாருங்கள். கழுத்து வளைந்திருக்கும் நேரத்தில் வரும் அதிர்வுதான் அதிகம் பாதிக்கும். உயரம் போதாமல் பதறி வீசுவதைத் தவிர்க்க, அமெரிக்கப் பரசூட் சங்கம் முதல்நிலை உரிமம் பெற்றோர் 3,000 அடிக்குக் கீழ் செல்லாமல் பையைத் திறக்க வேண்டும் என்று விதித்துள்ளது. அதற்கு மேற்பட்ட உரிமங்களுக்கு 2,500 அடி.

கடலில் விழுந்த பரசூட்டை எப்படிக் காப்பாற்றுவது?

திருகோணமலை மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஊர். காற்று மாறினால் கொட்டியாரக் குடாவிலோ உப்புவெளி அலையிலோ இறங்க நேரிடலாம்.

நனைந்ததைக் காயவிடாதீர்கள். பலரும் முதலில் செய்வது அதைத்தான். கடல்நீர் காய்ந்தால் உப்புப் பளிங்காகி இழைகளுக்கு நடுவே தங்கி, ஒவ்வொரு மடிப்பிலும் நைலோனை உரசும்; வலை வைத்திருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. நல்ல தண்ணீர் கிடைக்கும் வரை ஈரமாகவே வைத்திருந்து, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். கரையோரக் கிணற்று நீர் உவராக இருந்தால் அது உதவாது, குழாய்நீர் வேண்டும். சவர்க்காரம், சலவை இயந்திரம், பிழிதல் எதுவும் வேண்டாம். கயிறுகள் சிக்காதபடி, அவற்றை முதுகுப் பையின் வாரோடு இணைக்கும் ரைசர் நாடாக்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு அலசி, நிழலில், மின்விசிறிக் காற்றில், பல இடங்களில் தாங்கி உலரவிடுங்கள். வார், கொளுக்கி, வளையங்களையும் அவ்வாறே அலச வேண்டும்.

ரிசேர்வ் பரசூட்டையும் தன்னியக்கக் கருவியையும் ரிகர் கையில் எடுத்துக் கொடுங்கள். ரிசேர்வைத் திறந்து உலர்த்தி மீள மடிக்கவும், கருவியின் வடிகட்டியைத் தயாரிப்பாளர் சொன்னபடி மாற்றவும் வேண்டும். அதுவரை அந்த உபகரணத்துடன் பாயக் கூடாது.

விடுமுறை மாதங்களில் வீட்டில் எங்கே வைக்கலாம்?

காற்றோட்டமுள்ள, வெயில் விழாத, கடலுக்கு முகம் கொடுக்காத அறையில். மார்கழி, தை மாதங்களின் வாடைக் காற்றும் மழையும் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். ஆனி, ஆடி மாதங்களின் கச்சான் காற்று தூசையும் சூட்டையும் கொண்டுவரும். இரண்டுக்கும் நன்றாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களும் போதும். உபகரணம் முழுதாக உலர்ந்திருப்பது முக்கியம். பூச்சி உருண்டை போன்ற இரசாயனங்களைப் பெட்டிக்குள் போடாதீர்கள். எலியும் கரப்பானும் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் நிற்கும் வாகனத்தின் டிக்கியில் விட்டுச் செல்வது மிக மோசமான பழக்கம். வெப்பத்தைவிடப் பெரிய ஆபத்து பற்றரி அமிலம்: ஒரு சொட்டு பட்டாலும் நைலோன் வலுவிழக்கும், அந்த இடம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாமலும் இருக்கலாம்.

மூன்று வளையப் பூட்டுக்கு எண்ணெய் விடலாமா?

பழுதான பிரதான பரசூட்டைக் கழற்றிவிடுவதற்காக 1970களில் பில் பூத் உருவாக்கிய அமைப்பு அது. மாதம் ஒருமுறை ரைசரைப் பிரித்து, வளையங்களைச் சுற்றியுள்ள நாடாவை எல்லாத் திசையிலும் வளைத்து மென்மையாக்க வேண்டும். மடிந்து விறைத்த நாடா வளையங்களைப் பிடித்துக்கொள்ளும். கழற்றும் மஞ்சள் கம்பியைத் துடைத்து, கையேடு குறிப்பிடும் சிலிக்கன் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். சமையலறை எண்ணெயும் இயந்திர எண்ணெயும் தூசைப் பிடித்துப் பசையாகிவிடும். உப்புக் காற்றுப் படும் ஊரில், உலோக வளையத்தில் துரு தோன்றினால் தேய்த்துப் பாவிக்காமல் ரிகரிடம் காட்டுங்கள்.

தன்னியக்கத் திறப்புக் கருவி இருந்தால் பயப்படத் தேவையில்லையா?

ஜேர்மனியின் எயர்டெக் நிறுவனம் 1991இல் வெளியிட்ட சைப்ரஸ் என்ற இத்தகைய கருவி பல உயிர்களைக் காத்துள்ளது. அனுபவசாலிகளுக்கான அதன் வகை, சுமார் 750 அடி உயரத்திலும் ஒருவர் இன்னும் வினாடிக்கு 35 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசேர்வ் பரசூட்டை மூடியிருக்கும் லூப்பை வெட்டிவிடும். அது பிரதான பரசூட்டைக் கழற்றிவிடாது. அரைகுறையாகத் திறந்த பரசூட்டின் கீழ் வேகம் குறைந்திருந்தால் செயற்படவும் மாட்டாது.

கருவியை வீட்டில் அல்ல, விமானம் புறப்படும் இடத்தில் இயக்குங்கள், ஏனெனில் அது அந்த நிலமட்டத்தையே பூச்சியமாக எடுத்துக்கொள்கிறது. 14 மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். சேவைக் காலமும் ஆயுட்காலமும் கருவியின் வகைக்கேற்ப மாறும்.

கழற்றியவுடன் ரிசேர்வ் தானாகத் திறக்கும் நாடா தேவையா?

ஆரம்பநிலையாளருக்கு நிச்சயமாகத் தேவை. ஆர்எஸ்எல் எனப்படும் இந்த நாடா, கழற்றப்பட்ட பிரதான பரசூட் விலகும்போதே ரிசேர்வின் ஊசியை இழுக்கிறது. ஸ்கைஹுக் போன்றவை, விலகும் பரசூட்டையே ரிசேர்வை வெளியே இழுக்கப் பயன்படுத்துகின்றன. எது இருந்தாலும் ரிசேர்வ் பிடியைக் கையால் இழுப்பதை விட்டுவிடக் கூடாது.

ரிசேர்வ் பரசூட்டை நானே மடிக்கலாமா?

சான்றிதழ் இல்லாவிட்டால் கூடாது. அமெரிக்க விதிப்படி 180 நாட்களுக்கு ஒருமுறை ரிகர் திறந்து பரிசோதித்து மடிக்க வேண்டும். நீங்கள் பாயும் நாட்டின் விதி வேறுபடலாம். ஊரில் நீண்ட காலம் தங்குபவர்கள் அட்டையிலுள்ள திகதியைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது நல்லது.

மிதவை அங்கி வேண்டுமா?

வேண்டும். திறந்த நீர்நிலைக்கு 1 மைல், அதாவது 1.6 கிலோமீற்றருக்குள் பாய்வோர் மிதவைச் சாதனம் அணிய வேண்டும் என்று அமெரிக்கப் பரசூட் சங்கம் பரிந்துரைக்கிறது. திருகோணமலை நகரில் அந்த எல்லைக்கு வெளியே நிற்க ஓரிடம் தேடுவதே கடினம். பிடிகளை மறைக்காத வகையைத் தெரிவு செய்து, அணிந்தபடியே தரையில் பிடிகளைத் தொட்டுப் பழகுங்கள்.

ஒருமுறை கடுமையாகத் திறந்துவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

கழுத்தில் வலியோ, கையில் விறைப்போ, நெஞ்சில் நோவோ இருந்தால் முதலில் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; உபகரணம் காத்திருக்கலாம். பின்னர் பரசூட்டை வெளிச்சத்தில் விரித்து, முன்வரிசைக் கயிறுகள் துணியோடு சேரும் இடங்கள், நடு அறைகளின் தையல்கள், ஸ்லைடர் மூலைகள், ரைசரோடு சேரும் இணைப்புகள், தொடை வார்த் தையல்கள் என்ற வரிசையில் பாருங்கள். அறுந்த கயிறோ கிழிந்த தையலோ இருந்தால் அது ரிகரின் வேலை.

ஒன்றும் தெரியாவிட்டால், எந்த இறப்பர் வளையம் போட்டிருந்தீர்கள், யார் மடித்தார்கள், எந்த வேகத்தில் வீசினீர்கள் என்பதைப் பாய்ச்சல் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த முறை ஒரு விடயத்தை மட்டும் மாற்றுங்கள். முதலில் வளையங்களை, அது பலன் தராவிட்டால் ஸ்லைடரை வைக்கும் விதத்தை, அதன் பின்னர் கயிற்று அளவைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது காரணம் என்பது கடைசி வரை தெரியாமலே போகும்.